பிரெய்ரிக்கு வருகிறீர்களா? ஊர்ப் பள்ளிக்கூடத்தை முதலில் பாருங்கள்

கொஞ்ச நாளாக இன்பாக்ஸில் ஒரே மாதிரியான செய்திகள். டொராண்டோ வட்டாரத்தில் பிராம்ப்டன், ஸ்கார்பரோ பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள். "அக்கா, நீங்க சஸ்காட்செவன்ல ஒரு கிராமத்துல இருந்துக்கிட்டு பிள்ளைகளை வீட்டுலயே படிக்க வைக்கிறீங்களாமே. நாங்களும் அங்க வந்துடலாம்னு பாக்குறோம். வீடு மலிவா கிடைக்குமா, இன்டர்நெட் வருமா, ஸ்கூல் போர்டு தொந்தரவு உண்டா?" சஸ்காட்செவன், கனடாவின் பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளி மாகாணங்களில் ஒன்று. தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கேட்டதற்குச் சுருக்கமாக, யாருமே கேட்காத ஒன்றுக்குக் கொஞ்சம் நீளமாக.

வீடு மலிவுதான். ஊருக்கு வெளியே ஐந்து, பத்து ஏக்கரோடு விற்பனைக்கு வரும் பழைய பண்ணை வீட்டை இங்கே ஏக்கரேஜ் என்பார்கள். விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், செப்டிக் டேங்கைத் திறந்து பாருங்கள், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு எத்தனை வயசு என்று கேளுங்கள். செயற்கைக்கோள் வந்த பிறகு இன்டர்நெட் பெரிய தலைவலி இல்லை. குளிர் சில நாள் மைனஸ் 40 வரை இறங்கும். ராத்திரி காரின் இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரை பிளக்கில் மாட்ட மறந்தால் காலையில் இன்ஜின் முனகக்கூட முனகாது. அந்த மாதிரி நாளில் பள்ளி பஸ்ஸும் ஓடாது, ஊரில் பாதிப் பிள்ளைகள் வீட்டில்தான். அன்றைக்கு எல்லாருமே ஹோம்ஸ்கூல்.

அடுத்து சட்டம். ஒன்டாரியோவில், பிள்ளையை வீட்டில் படிக்க வைக்கப் போகிறோம் என்று ஸ்கூல் போர்டுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் பொதுவாக அத்தோடு வேலை முடிந்தது. இங்கே அப்படி இல்லை. ஆகஸ்ட் 15-க்குள் உங்கள் பகுதிக் கல்விப் பிரிவில் (இங்கே ஸ்கூல் போர்டை இப்படித்தான் சொல்வார்கள்) பதிய வேண்டும். மொழி, கணிதம், அறிவியல், சமூகவியல் நான்கிலும் இந்த ஆண்டு என்ன செய்யப்போகிறோம் என்று எழுத்தில் ஒரு திட்டம் தர வேண்டும். ஆண்டு முடிவில் முன்னேற்ற அறிக்கை ஒன்று. பயப்பட எதுவும் இல்லை, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் திட்டத்தை எழுதி முடித்துவிடலாம். செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பிரிவுகளும் உண்டு, தொகை இடத்துக்கு இடம் மாறும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பலர் குழம்புகிறார்கள். மாகாண அரசின் தொலைதூரக் கல்வி நிறுவனம் ஒன்று 2023-லிருந்து கெனாஸ்டன் என்ற சின்ன ஊரைத் தலைமையிடமாக வைத்து நடக்கிறது. அதில் முழுநேரம் சேர்த்தால் உங்கள் பிள்ளை அரசுப் பள்ளி மாணவர்தான், ஹோம்ஸ்கூல் கணக்கில் வராது. வீட்டில் மட்டும் படித்தால் மாகாணத்தின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் தானாகக் கைக்கு வந்துவிடாது. மூத்த பிள்ளைக்கு 14 வயசு ஆகும்போதே இதை யோசித்து வையுங்கள்.

கார் ஓட்டுவது யார்? இதற்குப் பதில் தெரியாமல் இங்கே வீடு பார்க்காதீர்கள். மாகாண அரசு நடத்திய எஸ்.டி.சி. பஸ் கம்பெனியை 2017 மே மாதக் கடைசியோடு மூடிவிட்டார்கள். நான் இருப்பது ஸ்விஃப்ட் கரண்ட் என்ற சிறு நகரத்துக்குத் தெற்கே. பல் டாக்டர், நீச்சல் வகுப்பு, நல்ல காய்கறி, எல்லாவற்றுக்கும் அங்கேதான் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் மாகாணத் தலைநகர் ரெஜைனா, அது ஸ்விஃப்ட் கரண்டிலிருந்தே இன்னும் 240 கிலோமீட்டருக்கு மேல். மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் மண்சாலை. கோவில்பட்டிக்காரியான எனக்கு இந்த மண் புதிதில்லை. மழை பெய்த கரிசல் காட்டில் செருப்பு என்ன பாடுபடுமோ அந்தப் பாடு இங்கே டயருக்கு. நாலு சக்கரத்திலும் களிமண் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, வண்டி நகராமல் நின்றுவிடும். வீட்டுக்காரர் வேலைக்குப் போனபின் பிள்ளைகளோடு இருக்கப்போகிறவருக்கு, நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மாவுக்கு, பனியில் ஓட்டத் தெரியாது என்றால் தயவுசெய்து முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நவம்பர் முதல் மார்ச் வரை நாலு சுவருக்குள் அவரும் சேர்ந்துதான் அடைபட வேண்டும்.

சரி, பிள்ளைகள் என்னதான் படிப்பார்கள்? இதில் எனக்குக் குறையே இல்லை. நம் வீட்டு மைசூர் பருப்பில் நிறைய இந்த மண்ணில் விளைந்தது. சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தின் ஆல் ஸ்லிங்கார்ட் 1978-ல் லேர்ட் என்ற ரகத்தை வெளியிட்டதற்கு முன்னால் இங்கே பருப்பு விவசாயம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. இன்று உலகத்திலேயே அதிகம் மைசூர் பருப்பு ஏற்றுமதி செய்யும் நாடு கனடா, அதில் பெரும்பகுதி இந்த மாகாணத்துடையது. என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பதும் பருப்பைச் சுத்தம் செய்து அனுப்பும் ஓர் ஆலையில்தான். 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதம் இறக்குமதி வரி போட்டது. அதைப் பற்றி இன்றைக்கும் கோ-ஆப் கடையில் காபி குடிக்கும் பெரியவர்கள் என்னிடம் நியாயம் கேட்பார்கள், ஏதோ டில்லியில் கையெழுத்துப் போட்டதே நான்தான் என்பது போல. என் மகன் சதவீதக் கணக்குப் படித்தது இந்தக் கதையில்தான்.

மேற்கே போனால் ஈஸ்ட்எண்ட். 'ஸ்காட்டி' என்ற டைனோசரின் எலும்புகள் 1991-ல் கிடைத்தது அந்த ஊர்ப் பக்கம்தான். டி. ரெக்ஸ் இனத்தில் இதுவரை கிடைத்தவற்றிலேயே எடை மிக்கது இது, ஏறத்தாழ 8,800 கிலோ இருந்திருக்கும் என்று 2019-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் அங்கே போய் ஆளுக்கொரு படம் எடுத்துப் போடுவோம். அந்த எலும்பு முதலில் யார் கண்ணில் பட்டது தெரியுமா? ஆராய்ச்சியாளர்களோடு துணைக்குப் போயிருந்த ராபர்ட் கெப்ஹார்ட் என்பவர் கண்ணில். அவர் ஈஸ்ட்எண்ட் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்.

இனி யாரும் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பக்கத்து ஊர்களில் இலையுதிர் காலத்தில் ஃபௌல் சப்பர் என்று ஒன்று நடக்கும். ஊர் மொத்தமும் கூடிச் சமைத்து, டிக்கெட் போட்டு, வான்கோழி, உருளைக்கிழங்கு, கோஸ் இலையில் சுற்றிய சோறு என்று போட்டுப் பணம் திரட்டுவார்கள். பழம் வைத்துச் சுடும் 'பை' (pie) செய்யாத வீடு கிடையாது. நான் பரிமாறும் மேசையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் எழுபது தாண்டிய ஒரு விவசாயி வீட்டு அம்மா, சாஸ்கட்டூன் பெர்ரி பையை வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "உன் பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள். எங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன குறை கண்டாய்?"

கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் சங்கடம். அவருடைய பேரன் அந்தப் பள்ளியில் படிக்கிறான். மூன்று வகுப்புகள் ஒரே அறையில், ஒரே டீச்சர். ஊருக்குப் புதுக்குடும்பம் வருகிறது, பிள்ளைகளோடு வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஊர்க்காரர்கள் மனதுக்குள் எண்ணியிருக்கிறார்கள்: இன்னும் ரெண்டு பேர். கேக் கொண்டுவந்து வரவேற்றார்கள், எங்கள் வழித்தடத்துப் பனியை ஒருவர் தன் டிராக்டரால் தள்ளிவிட்டுப் போனார். பிறகுதான் தெரிந்திருக்கிறது, இவர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார்களாம்.

டொராண்டோவில் உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. நாற்பது, ஐம்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ரெண்டு பேர் என்பது வேறு. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் பணம், பணத்தை வைத்துத்தான் ஆசிரியர். ஓர் ஆசிரியர் போனால் மூன்று வகுப்பு நாலாகிறது, அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் பக்கத்து ஊருக்குப் போகிறது. அப்புறம் ஒருநாள், பள்ளியை மூடலாமா என்று பார்க்கும் "பள்ளி மீளாய்வு" என்று கடிதம் வரும். ஒருகாலத்தில் இந்த மாகாணத்தில் ஏறக்குறைய 5,000 ஓரறைப் பள்ளிகள் இருந்தன. இன்று கிரிட் ரோடு எனப்படும் கிராமச் சாலைகளில் போனால் கோதுமை வயலின் ஓரத்தில், இந்த இடத்தில் இன்ன பள்ளி இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை நடந்தது என்று ஒரு பலகை மட்டும் நிற்கும். சுற்றிலும் ஒரு வீடு இருக்காது. 2006-ல் கல்விப் பிரிவுகளை 81-லிருந்து 28 ஆகக் குறைத்தார்கள், அடுத்த ஆண்டே பல சிற்றூர்ப் பள்ளிகள் பூட்டப்பட்டன. பள்ளி போன ஊரில் அடுத்து ஸ்கேட்டிங் ரிங்க் போகும், அப்புறம் கடை, அப்புறம் போஸ்ட் ஆபீஸ்.

அந்த ரிங்கில்தான் என் பிள்ளைகள் ஸ்கேட்டிங் போகிறார்கள். ஊர் நூலகக் கிளையில்தான் வாரம் பை நிறையப் புத்தகம் எடுக்கிறோம். மாகாணம் முழுவதுக்கும் ஒரே அட்டை, சாஸ்கட்டூன் நகரத்தில் இருக்கும் புத்தகம் இங்கே வந்து சேரும். இதெல்லாம் ஊர் இருப்பதால் இருக்கிறது. ஊர் இருப்பது பெருமளவு அந்தப் பள்ளியால். அதனால்தான் சொல்கிறேன், பள்ளியே வேண்டாம் என்று வருகிறவர்களாக இருந்தாலும் வீட்டை முடிவு செய்யும் முன் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். அது நலமாக இருக்கும் ஊரில்தான் ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கும் ஆள் துணை கிடைக்கும்.

அப்படியானால் நீ ஏன் அனுப்பவில்லை என்பீர்கள். என் மகளுக்குப் படிப்பு வேறு வேகத்தில் வருகிறது, எனக்குச் சொல்லிக்கொடுக்கப் பிடித்திருக்கிறது, தமிழும் வேண்டும். அந்த முடிவில் மாற்றமில்லை. ஆனால் அனுப்பாததற்கு ஊருக்கு நான் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். இங்கே ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சமூக மன்றம் உண்டு, பெற்றோரோடு ஊர்க்காரர்களும் அதில் இருக்கலாம். கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். பள்ளியில் வாசிப்பு நேரத்துக்குத் தொண்டர் தேவைப்பட்டால் கை தூக்குங்கள். கல்விப் பிரிவு சம்மதித்தால் ஓரிரு பாடத்துக்கு மட்டும் பிள்ளையை அனுப்பவும் வழி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கன்றுக்குட்டி வளர்ப்பு போன்றவற்றைச் செய்து பழகும் 4-எச் கிளப்பில் சேருங்கள். அங்கே யார் எந்தப் பள்ளி என்று எவரும் பார்ப்பதில்லை, கன்றுக்குட்டி சொன்னபடி கேட்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

இதற்கெல்லாம் விருப்பமில்லை, யாரும் இல்லாத இடத்தில் நம் விருப்பப்படி பிள்ளை வளர்க்கத்தான் வருகிறோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். இது யாரும் இல்லாத இடம் கிடையாது, இருந்தவர்களை அப்புறப்படுத்திய இடம். பூர்வகுடிகளோடு அரசு 1874-ல் கையெழுத்திட்ட நான்காம் உடன்படிக்கையின் நிலம். பூர்வகுடிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகளில் ஒன்று, கார்டன் பள்ளி, இதே மாகாணத்தில் பன்னிச்சியில் 1996 வரை நடந்தது. நீங்களும் நானும் ஆகஸ்டில் ஒரு படிவம் நிரப்பிப் பெற்றுக்கொள்ளும் உரிமை அந்த அம்மாக்களுக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு இந்த ஊர் வரலாறு சொல்லும்போது 160 ஏக்கர் இனாம் நிலத்துக்கு வந்த ஐரோப்பியர் கதையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

பார்க்க வருவதென்றால் ஜூலையில் வராதீர்கள். ஜூலையில் எல்லா ஊரும் அழகு. பிப்ரவரியில் வாருங்கள், ரெண்டு ராத்திரி தங்குங்கள். பள்ளி முதல்வருக்கு முன்கூட்டியே போன் செய்து, நாங்கள் ஹோம்ஸ்கூல் குடும்பம், ஆனாலும் பள்ளியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சாயங்காலம் ரிங்குக்குப் போய் ஃப்ரைஸ் வாங்கிச் சாப்பிடுங்கள், யாராவது கட்டாயம் பேச்சுக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. வரும்போது கறிவேப்பிலை மட்டும் கொஞ்சம் கொண்டு வாருங்கள், எங்கள் ஊர்க் கடையில் கிடைப்பதில்லை.