மத்தியானக் கரண்ட்டுக்கு ஒரு விலை, சாயங்காலக் கரண்ட்டுக்கு ஒரு விலை: குந்தாவிலிருந்து ஒரு கணக்கு

பகலில் சூரிய மின்சாரம் மிச்சமாகிறது, நல்ல காற்று வீசும்போதே காற்றாலைகளைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. அதே வாரத்தில், சாயங்காலத் தேவையைச் சமாளிக்க வெளியிலிருந்து கூடுதல் விலைக்கு வாங்குகிறோம் என்று இன்னொரு செய்தி. "இதுல எதுங்க நிஜம்?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். இரண்டும் நிஜம்தான். இந்த இரண்டு செய்திக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது நம்ம நீலகிரியின் மஞ்சூர், குந்தா, எமரால்டு பக்கம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

மின்சாரத்துக்கு இப்போது சந்தை இருக்கிறது. ஐ.இ.எக்ஸ். என்ற எக்ஸ்சேஞ்ச் 2008இல் தொடங்கியது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, மொத்தம் 96 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை போடுகிறார்கள். வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில் நாடு முழுக்க சோலார் பேனல்கள் கொட்டுவதால் விலை சரிகிறது. 2025 மே கடைசியில் ஒரு நாள் பகலில் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கே போனது. சூரியன் இறங்கி, எல்லா வீட்டிலும் லைட்டும் ஃபேனும் ஏ.சி.யும் ஓடத் தொடங்கியதும் அதே யூனிட்டின் விலை ஏறுகிறது. நெருக்கடியான நாட்களில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டு நிற்கும். அந்த வரம்பை மட்டும் ஒழுங்குமுறை ஆணையம் வைக்காமல் விட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று தெரியாது.

தமிழ்நாட்டில் காற்றாலை மட்டும் 11,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. சோலாரும் 9,000 தாண்டிவிட்டது. 2024 மே 2ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். ஆக, எண்ணிக்கையைப் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. அது எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல். சாயங்காலம் ஏழு மணிக்கு வேண்டும் என்றால் சூரியனிடம் கேட்க முடியாது. அனல் மின் நிலையத்தைச் சட்டென்று ஏற்றி இறக்கவும் முடியாது, பாய்லர் ஒத்துழைக்காது. நினைத்த சில நிமிடங்களில் ஓடத் தொடங்குவதற்குத் தண்ணீர்தான் தோது. வால்வைத் திறந்தால் டர்பைன் சுற்றும், மூடினால் நிற்கும்.

அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? நம்ம தலைக்கு மேலே.

சிங்காரா பவர் ஹவுஸ் 1930களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கியது. பைக்காரா ஆற்றுத் தண்ணீர் அங்கே 3,000 அடிக்கு மேல் இறங்குகிறது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீரை இறக்கி கரண்ட் எடுத்த இடங்கள் குறைவுதான். ஆயிரம் லிட்டர் தண்ணீர் அந்த உயரத்திலிருந்து இறங்கினால் சுமார் 2 யூனிட் கிடைக்கும். உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் டேங்க் ஒன்று முழுசாக மலையிலிருந்து விழுந்தால் ஒரு கீசர் ஒரு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். கோயம்புத்தூர் மில்கள் வரிசையாக முளைத்தது அந்த பைக்காரா கரண்ட் போய்ச் சேர்ந்த பிறகு. கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு பைக்காரா கரண்ட்டைப் பற்றிப் பேசுவதில்லை. (சண்டைக்கு வராதீர்கள், என் சம்பந்தி வீடே சிங்காநல்லூரில்தான்.)

அதற்குப் பிறகு கனடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம் வந்தது. ஒரே தண்ணீர் எத்தனை முறை வேலை செய்கிறது என்று பாருங்கள். அப்பர் பவானி அணையில் தேங்குகிற தண்ணீர் அவலாஞ்சிக்கு வரும்போது ஒரு தடவை கரண்ட் கொடுக்கிறது. அவலாஞ்சி, எமரால்டிலிருந்து குந்தாவுக்கு இறங்கும்போது இன்னொரு தடவை. பிறகு கெத்தை, அதற்குக் கீழே பரளி, கடைசியாகப் பில்லூர். அதற்கப்புறம் பவானிசாகர் போய் ஈரோட்டுப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. கெத்தையில் மட்டும் 175 மெகாவாட், பரளியில் 180. பைக்காரா, மாயார் எல்லாம் சேர்த்தால் இந்த மலையின் நீர்மின்சாரம் சுமார் 830 மெகாவாட். மாநிலத்தின் மொத்தத் தேவையில் இது சிறிய பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த நேரத்தில் ஓட்டலாம் என்று நாமே முடிவு செய்யக்கூடிய 830.

அடுத்தது பம்ப் செய்து ஏற்றும் திட்டம். காட்டுக்குப்பை பக்கம் போனவர்களுக்கு லாரிகளும் சுரங்க வேலையும் தெரிந்திருக்கும். மேலே போர்த்திமந்து அணை, கீழே அவலாஞ்சி-எமரால்டு. கரண்ட் மலிவாக இருக்கும்போது கீழே இருக்கிற தண்ணீரை மேலே ஏற்றுவது, சாயங்காலம் இறக்கி கரண்ட் எடுப்பது. நாலு மெஷின், ஒவ்வொன்றும் 125, மொத்தம் 500 மெகாவாட். ஏற்றுவதற்கு 100 யூனிட் செலவழித்தால் திரும்பி வருவது 75, 80தான். "நஷ்டத்துக்கு எதுக்குடா இத்தனை கோடி?" என்று எங்கள் லைன் வீடுகளில் ஒரு பெரியவர் கேட்டார். யூனிட் கணக்கில் நஷ்டம்தான் ஐயா. விலைக் கணக்கு வேறு.

பகல் கரண்ட் யூனிட் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 யூனிட்டுக்கு 200 ரூபாய். திரும்பி வருவது 75 யூனிட் என்றால் ஒரு யூனிட்டின் அடக்கம் 2 ரூபாய் 67 காசு. சாயங்காலம் அதை 8 ரூபாய்க்கு விற்றாலோ, 8 ரூபாய் கொடுத்து வாங்காமல் தவிர்த்தாலோ, யூனிட்டுக்கு 5 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கிறது. 500 மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 5 லட்சம் யூனிட். மணிக்கு 25 லட்சம் ரூபாய். இது என் தோராயக் கணக்கு. கட்டுமானக் கடன், வட்டி, பராமரிப்பு எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும், தெரியும். இருந்தாலும் இந்த மலையின் சரிவுக்கு ஒரு விலை இருக்கிறது, அது வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகப்போகிறது என்பதுதான் நான் காட்ட வந்தது. சோலார் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மத்தியான விலை இறங்கும், சாயங்காலத்தின் மதிப்பு ஏறும்.

நான் இந்தக் குந்தா பம்ப் திட்டத்துக்கு எதிரி இல்லை. இரண்டு அணையும் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக யார் காட்டையும் மூழ்கடிக்கவில்லை. இதே மலையில் போட்டிருக்கிற சில்லஹல்லா பம்ப் திட்டத்தின் கதை அப்படி இல்லை. 1,000 மெகாவாட் என்று சொல்லி புதிதாக அணை கட்டினால் முட்டைக்கோசும் கேரட்டும் தேயிலையும் விளைகிற நிலம் தண்ணீருக்குள் போகும். அந்த ஊர்களில் ஏன் எதிர்த்தார்கள் என்று சென்னையில் உட்கார்ந்து புரிந்துகொள்வது கஷ்டம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. மண் எப்படி வழிந்து இறங்கியது என்று கண்ணால் பார்த்தவர்களிடம் "இன்னும் ஒரு அணை, இன்னும் நாலு சுரங்கம்" என்றால் பயப்படத்தான் செய்வார்கள். முதலில் இருக்கிற அணைகளை வைத்துச் செய்யக்கூடியதை முடிக்கட்டும்.

சரி, கரண்ட் எடுக்கிற மலையில் கரண்ட் எப்படி இருக்கிறது? நான் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். ஜூனில் காற்று பிடித்தால் சீகை மரமோ கற்பூர மரமோ ஒன்று லைன் மேல் சாயும். ஃபீடர், அதாவது சப்ஸ்டேஷனிலிருந்து வருகிற லைன், ட்ரிப் ஆகும், கரண்ட் போய்விடும். லைன்மேன்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. மழைக்கோட்டும் டார்ச்சுமாக, பத்தடி தூரம் தெரியாத மூடுபனியில், யானை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து லைனோடு நடந்து போகிறவர்கள் அவர்கள். ஆள் குறைவு, லைன் நீளம், நடுவில் காடு.

அந்த நேரத்தில் ஃபேக்டரிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை வந்து பாருங்கள். பச்சை இலை சாயங்காலம் எடை போட்டு ஏறும். ட்ரஃப் என்கிற நீளமான தொட்டியில் கம்பி வலை மேல் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விட்டு ராத்திரி முழுக்க வாட்ட வேண்டும். ஃபேன் நின்றால் இலை சூடேறும். கையை உள்ளே விட்டால் கதகதவென்று இருக்கும், ஓரத்தில் சிவக்க ஆரம்பிக்கும். விடியக்காலையில் இலையை அரைக்கிற சி.டி.சி. மெஷின் ஓடும்போது கரண்ட் போனால் இன்னும் மோசம். அரைத்த தூள் பாதி பெல்ட்டில் நிற்கும், புளிப்பு ஏறிக்கொண்டே போகும். ட்ரையர் ஃபேன் நின்றுவிடும், ஆனால் அடுப்பில் விறகு எரிந்துகொண்டே இருக்கும். ஓடிப்போய் அடுப்புக் கதவைத் திறந்து சூட்டை வெளியே விடாவிட்டால் உள்ளே இருக்கிற தூள் கருகும். ஜெனரேட்டர் போடலாம், போடுகிறோம். டீசல் கரண்ட் போர்டு கரண்ட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. குன்னூர் ஏலத்தில் அந்தத் தூளுக்கு யாரும் இரக்கப்பட்டு விலை போடுவதில்லை. கடைசியில் அது பச்சை இலை விலையில்தான் கழிகிறது, அதாவது சின்ன விவசாயி தலையில்.

இதற்கு மேல் உச்ச நேரக் கட்டணம். உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கிற தொழிற்சாலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் 25 விழுக்காடு கூடுதல். மாலையில் ட்ரஃப் ஃபேன், காலையில் சி.டி.சி. நம்ம வேலை இரண்டும் சொல்லி வைத்த மாதிரி அந்த நேரத்தில்தான். "வேலையைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கருத்தரங்கில் சொல்வார்கள். பறித்த இலை கருத்தரங்குக்குக் காத்திருக்காது.

வீடுகளுக்கும் இது வரப்போகிறது. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விதித் திருத்தத்தின்படி, ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் விவசாயம் தவிர எல்லோருக்கும் நேரத்துக்கு ஒரு விலை. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 விழுக்காடு கூட, சூரிய ஒளி நேரத்தில் குறைவு. தத்துவம் சரிதான், நான் மேலே சொன்ன சந்தைக் கணக்கோடு பொருந்துகிறது. ஆனால் இங்கே வருஷம் முழுக்க வெந்நீர் வேண்டும், அதுவும் காலை ஆறு மணிக்கு. மத்தியானம் சலுகை விலையில் கீசர் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் அது பச்சைத் தண்ணீர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் எல்லோருக்கும் ஒன்றுதான், திருச்சிக்கும் ஊட்டிக்கும். அதில் எனக்குப் புகார் இல்லை. அவர்களுக்கு ஏ.சி., நமக்குக் கீசர். 500 யூனிட்டைத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல் போய்விடும் என்பதையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் அனுபவிக்கிறோம். ஆனால் காலை உச்ச நேரம் எது என்று மாநில ஆணையம் முடிவு செய்யும்போது, மலை மாவட்டத்துக்கு ஒரு விதிவிலக்கு கேட்பதில் தப்பு என்ன இருக்கிறது?

இனி என் முக்கியமான கோரிக்கை. 2008ஆம் ஆண்டின் தேசிய நீர்மின் கொள்கை ஒன்று இருக்கிறது. திட்டம் இருக்கும் மாநிலத்துக்கு 12 விழுக்காடு இலவச மின்சாரம், அதற்கு மேல் 1 விழுக்காடு அந்தப் பகுதியின் வளர்ச்சி நிதிக்கு, திட்டத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மாதம் 100 யூனிட் வீதம் 10 வருஷம் என்றெல்லாம் அதில் பேசியிருக்கிறார்கள். இமயமலை மாநிலங்களை மனதில் வைத்து எழுதியது. நம்ம அணைகளும் மாநில வாரியத்தினுடையவை, பழையவை. சட்டப்படி நமக்குப் பொருந்தாது என்று வக்கீல் யாராவது கமென்ட்டில் வருவார், வரட்டும். பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அந்த 1 விழுக்காட்டை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மேலே போட்ட தோராயக் கணக்கையே எடுங்கள். மணிக்கு 25 லட்சம், சாயங்காலம் ஐந்து மணி நேரம், ஒன்றேகால் கோடி. அதில் 1 விழுக்காடு ஒரு நாளைக்கு ஒன்றேகால் லட்சம். வருஷத்தில் 300 நாள் ஓடினால் மூன்றே முக்கால் கோடி. நமக்கு இலவசக் கரண்ட் வேண்டாம், வீட்டுக்கு வீடு பணமும் வேண்டாம். அந்தப் பணத்தில் காட்டுக்குள் போகிற லைன்களின் வெறும் கம்பியை எடுத்துவிட்டு உறை போட்ட கேபிள் இழுக்கட்டும். மரம் சாய்ந்தாலும் உடனே ட்ரிப் ஆகாது. கூடலூர்ப் பக்கம் தாழ்ந்து தொங்குகிற கம்பியில் யானை செத்த செய்தியும் குறையும். ஒரு பக்கம் லைன் போனால் இன்னொரு பக்கத்திலிருந்து கொடுக்கிற மாதிரி சப்ஸ்டேஷன்களை இணைக்கட்டும். மழைக்கு முன்னாடியே கிளை வெட்ட ஆள் போடட்டும்.

"மின்வாரியமே ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் கடனில் இருக்கிறது, உங்களுக்கு எங்கே போவது?" என்பார்கள். கடன் இருப்பது உண்மை. அந்தக் கடன் வளர்ந்ததற்கு ஒரு காரணம் சாயங்காலத்தில் அதிக விலைக்கு வாங்கிய கரண்ட். அதைக் குறைக்கப்போவதே இந்தத் தண்ணீர்தானே? மிச்சப்படுத்தித் தருகிற இடத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டுப் போனால் வாரியம் மூழ்கிவிடாது.

"எண்ணூர்க்காரன் அனல் மின் நிலையத்துச் சாம்பலை மூச்சில் இழுக்கிறான், அவன் கேட்க மாட்டானா?" என்று இன்னொரு கேள்வியும் வரும். நியாயமான கேள்வி, நம்மைவிட அவர்களுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். தூத்துக்குடிக்கும் மேட்டூருக்கும் அப்படியே.

அடுத்த கட்டண மனுவை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விசாரிக்கும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். தமிழிலேயே எழுதி அனுப்பலாம். மலை ஃபீடர்களுக்குத் தனி நிதி, காலை உச்ச நேரத்தில் தேயிலை ஃபேக்டரிக்கும் வீட்டுக் கீசருக்கும் விலக்கு என்று இரண்டே விஷயம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். சிறு தேயிலை விவசாயிகள் சங்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது கையெழுத்து வாங்கித் தருவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.