எல்லாம் இருந்தது, எதுவும் கையில் கிடைக்கவில்லை

இரண்டு வருடத்துக்கு முன், பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை விட்ட கையோடு நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு வான். பெரியவர்களும் சின்னவர்களுமாக 9 பேர். செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை தாண்டி மலை ஏறத் தொடங்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. லுணுகலைக்கு அப்பால் ஒரு வளைவில் அம்மா தலை சுற்றுகிறது என்றார். அப்போதுதான் நினைவு வந்தது, மத்தியானம் போட வேண்டிய பிரஷர் குளிசையை அவர் போடவே இல்லை.

வானை ஓரம் கட்டினோம். குளிசை எந்தப் பையில்? யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கே தெரியவில்லை. மேலே கட்டியிருந்ததையும் பின்னால் அடுக்கியிருந்ததையும் இறக்கி, தார் ரோட்டில் வைத்து ஒவ்வொரு சிப்பாகத் திறந்தோம். 17 பை. மகள் போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றாள். மச்சாள் ஒரு பையைக் கவிழ்த்தார்: நான்கு சவுக்காரம், மூன்று சீப்பு, உடைக்காத ஒரு பற்பசை, அரைவாசி முடிந்த இன்னொன்று. அடுத்ததில் துவாய் மட்டும் ஏழு. அதற்கடுத்ததில் 5 கிலோ சம்பா அரிசி. மழை தூறத் தொடங்கியது. வான் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா, "எனக்கு ஒண்டுமில்ல, சாமான் நனையாமப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் ரைஸ் குக்கருக்குள் இருந்தது. கிளினிக் கொப்பியோடு சேர்த்து, ஒரு ஷொப்பிங் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, தொலைந்துவிடக் கூடாதே என்று அம்மாதான் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அன்றிரவு பதுளையில் தங்கினோம். குளிசை போட்டதும் அம்மாவுக்குச் சரியாகிவிட்டது, எனக்குத்தான் நித்திரை வரவில்லை. பாதி வீட்டை வானில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். தேவைப்பட்ட நேரத்தில் உள்ளங்கை அளவு பொருள் ஒன்று கிடைக்கவில்லை. எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவரை பை கனத்துக்கொண்டேதான் போகும். வைத்த சீப்பு கிடைக்காதோ என்று இன்னொரு சீப்பு வைப்போம். மச்சாள் துவாய் எடுத்தாரோ இல்லையோ என்று நாமும் இரண்டு திணிப்போம். ஒன்பது பேரும் இப்படி நினைத்தால் 17 பை வரத்தான் செய்யும். அதனால், குறைவாகக் கொண்டுபோவதும் ஒழுங்காக அடுக்குவதும் வேறு வேறு வேலை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒழுங்கு வந்தால் கனம் தானாகக் குறையும்.

இதைப் பற்றி நிறைய வீடியோக்கள் வருகின்றன. உடுப்பைச் சுருட்டு, காற்றை அழுத்தி வெளியே எடு, ஒரு முதுகுப் பையில் ஒரு வாரம் வாழ்ந்துவிடு என்கிறார்கள். சுருட்டினால் இடம் மிஞ்சும், உண்மைதான். நிறை அதே நிறைதான். அதோடு அவையெல்லாம் தனி ஆளாக ஊர் சுற்றுகிறவர்களுக்குச் சொல்வது. எங்கள் பக்கத்துக் குடும்பப் பயணத்தில் அம்மம்மாவும் இருப்பார், பால்குடிப் பிள்ளையும் இருக்கும். ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு வானில் ஏறினால் சத்தி. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம், "ஏன் இவ்வளவு சாமான்?" என்று சீறுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

அம்மா ஏன் இப்படிக் கட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீடு அப்போது கடற்கரைப் பக்கம், கல்லடி திருச்செந்தூர் முருகன் கோவிலுக்குக் கிட்ட. அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னைக் கையில் பிடித்து இழுத்தபடி ஓடினார். உடுத்திருந்த உடுப்பு மட்டும்தான் மிச்சம். பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த முதல் மூன்று நாளும் மாற்றிக் கட்ட அவருக்கு ஒரு சேலை இல்லை. நனைந்தது உடம்பிலேயே காய்ந்தது. ஒரு சீப்பை எத்தனையோ பேர் வாங்கி வாங்கித் தலை இழுத்தோம். பிறகு எங்கள் பிறப்புச் சான்றிதழ்களின் பிரதி எடுக்க அவர் எத்தனை நாள் வரிசையில் நின்றார் என்பதற்குக் கணக்கே இல்லை. எங்கள் ஊரில் இப்படி வெறுங்கையோடு ஓடிய அனுபவம் ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் வந்ததும் இல்லை. 1978 சூறாவளியைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், 1990இல் யுத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். "அங்க போய் வாங்கலாம்" என்று நாம் சுலபமாகச் சொல்லும் வார்த்தை அவர்கள் காதில் எப்படி விழும் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இதே அம்மாதான் கதிர்காமப் பாத யாத்திரைக்கு ஒரே ஒரு பையோடு போனவர்.

ஆடிவேல் விழாவுக்கு முன் உகந்தையில் காட்டுப் பாதை திறப்பார்கள். அங்கிருந்து கூமுனைக் காடு, கும்புக்கன் ஆறு, யால காடு என்று நடந்து மாணிக்க கங்கையில் போய் இறங்க ஐந்தாறு நாள் ஆகும். நடுவில் கடை கிடையாது. எடுத்துக்கொண்டு போவதைத்தான் தின்ன வேண்டும், எடுத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஒரு தடவை அம்மாவோடு நானும் போனேன். புறப்படுவதற்கு முதல் நாள், உகந்தைக் கோவில் மணலில் ஒரு சேலையை விரித்து, அதன் மேல் அம்மா தன் சாமானை ஒவ்வொன்றாக வைத்தார். இரண்டு சேலை. ஒரு போர்வை. ஒரு சின்ன டோர்ச். திருநீற்றுப் பை. சித்தாலேப தைல டப்பி. குளிசை. கூட்டத்தில் அவர் பங்குக்கு வந்த அரிசியும் பருப்பும். தண்ணீர்ப் போத்தல். சட்டியும் அகப்பையும் கூட்டத்துக்கே ஒன்றுதான், அதை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சாமி தூக்குவார். (காட்டில் எல்லோருக்கும் பெயர் சாமிதான்.) வைத்து முடித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சவுக்காரக் கட்டியை எடுத்து, கத்தியால் பாதியாக வெட்டி, ஒரு பாதியைப் பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார். இரவில் யானைச் சத்தம் கேட்டு எல்லோரும் எழும்பியபோது இருட்டில் கையை விட்டு டோர்ச்சை எடுத்த முதல் ஆள் அம்மாதான். எது எந்த மூலையில் இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பையில் இருந்த நிதானம் நுவரெலியாப் பயணத்தில் எங்கே போனது? நான் யோசித்துக் கண்டது இதுதான். யாத்திரையில் அம்மா தனக்கு மட்டும் கட்டினார். வானில் போனபோது ஒன்பது பேருக்கும் கட்டினார். கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற எங்களுக்கும் சேர்த்து அவர்தான் கட்டினார். என் தம்பிக்கு 27 வயது, அவனுடைய உள்ளுடுப்பு வரை அம்மா மடித்து வைக்கிறார். பிறகு ஹோட்டல் அறையில் ஆளாளுக்கு, "அம்மா என்ட சார்ஜர் எங்க?", "மாமி அந்த நீல ஷேர்ட் எடுத்தீங்களா?" என்று கேட்கிறார்கள். ஊர் பார்க்கப் போன இடத்தில் அம்மா பைகளுக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்புகிறார். இது எனக்குப் பெரிய மனக்கஷ்டம். விடுமுறை என்றால் வீட்டிலேயே கூடுதலாக வேலை செய்கிற ஆளுக்கு முதலில் கிடைக்க வேண்டும். அந்த ஆளுக்கு அது வேலையாகவே இருந்தால் அந்தப் பயணம் எதற்கு?

அதனால் இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பை. அவரவர் பையை அவரவர் கட்ட வேண்டும், அவரவரே தூக்க வேண்டும். 7 வயது மகனுக்கும் ஒன்று உண்டு. அவனுடைய பாடசாலைப் பைதான், கொப்பிகளை எடுத்துவிட்டு உடுப்பு வைத்தாயிற்று. முதல் தடவை அவன் ஒரு காற்சட்டைகூட வைக்கவில்லை, விளையாட்டு லொறி வைத்திருந்தான். நான் திட்டவில்லை. கட்டிலில் எல்லாவற்றையும் விரித்து வைத்து, "நாளைக்குக் குளிச்சிட்டு என்ன போடுவாய்?" என்று மட்டும் கேட்டேன். அவனே போய் எடுத்துக்கொண்டு வந்தான். இந்த விரித்துப் பார்க்கிற பழக்கம் உகந்தை மணலில் அம்மா செய்ததுதான். பைக்குள் நேராகப் போட்டால் எத்தனை போட்டோம் என்று தெரியாது. கண்ணுக்கு முன்னால் கிடந்தால் நாலாவது சேர்ட்டை நம் கையே ஒதுக்கிவிடும்.

பொதுச் சாமான் வேறு. சவுக்காரம், பற்பசை, சார்ஜர், துணி காயப்போடும் கயிறு, இவை ஒரே ஒரு சின்னப் பையில். யார் கொண்டுவருகிறார்கள் என்பதைப் புறப்படுவதற்கு முதல் நாள் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். அதன் பிறகு வேறு யாரும் சவுக்காரம் எடுப்பதில்லை. அம்மாவின் குளிசை, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை மூன்றும் அவர் மடியில் வைத்திருக்கும் கைப்பையில், முன் சிப்பில். அது பின் சீட்டுக்கோ வான் கூரைக்கோ போகக் கூடாது. குளிசையை மட்டும் போகும் நாளைவிட இரண்டு நாள் கூடுதலாக எடுக்கிறோம். மலைப் பாதையில் மண் சரிந்தால் எப்போது திரும்புவோம் என்று யார் சொல்ல முடியும்?

எத்தனை உடுப்பு என்பது போகிற இடத்தைப் பொறுத்தது. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ இரவில் அலசிப் போட்டால் விடியப் போடலாம், இரண்டு செட் தாராளம். நுவரெலியா 6000 அடிக்கு மேலே இருக்கிறது, அங்கே அலசியது இரண்டு நாளானாலும் ஈரமாகவே தொங்கும். ஜீன்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். அதற்காக ஒவ்வொருவருக்கும் மூன்று தடித்த ஸ்வெட்டர் கட்ட வேண்டியதில்லை. மெல்லியதாக இரண்டு அடுக்கு உள்ளே, மேலே ஒரே ஒரு ஸ்வெட்டர், அதையும் மலை ஏறும்போது போட்டுக்கொண்டே போய்விட்டால் பையில் இடமே பிடிக்காது. துவாய்க்குப் பதிலாக மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று எடுத்துப் பாருங்கள். துடைக்கலாம், போர்த்தலாம், வானில் தூங்கும் பிள்ளைக்கு விரிக்கலாம், பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும். தடித்த துவாய் ஒன்றின் இடத்தில் அந்தச் சாரம் இரண்டு வைக்கலாம்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. பெரியம்மாவும் அம்மாவும் திருவண்ணாமலைக்குப் போனபோது பவர் பேங்கைப் பெரிய சூட்கேஸில் வைத்துவிட்டார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசையில் எல்லோரும் பார்க்க, பூட்டைத் திறந்து தேட வேண்டி வந்தது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கு அறையில் அணைக்க ஆள் இல்லை, அதனால் அது கைப்பையில்தான் வர வேண்டும். கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. வீட்டுத் தராசில் ஏறி, பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் அங்கே போய் முழிக்கத் தேவையில்லை.

இனி, நான் குறைக்க மாட்டேன் என்று சொல்கிற ஒன்றும் இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகச் சொல்லாதீர்கள். கொழும்பிலே இருக்கிற மாமிக்கு எருமைத் தயிர்ச் சட்டி, கஜு, கொஞ்சம் கருவாடு கொண்டுபோகாமல் எப்படி வாசல் ஏறுவது? சேலை ஒன்றைக் குறைப்பேன், தயிர்ச் சட்டியைக் குறைக்க மாட்டேன். உதயதேவி ரயிலில் போனால் சட்டியைக் காலடியில் வைத்துக்கொள்வேன், மேல் தட்டில் வைத்தால் ஆட்டத்துக்குச் சரிந்துவிடும். கொடுத்துவிட்டால் திரும்பும்போது அந்த இடம் வெறுமையாக இருக்கும், மாமி தருவதற்கு அது சரியாக இருக்கும்.

போன மாதம் அறுகம்பைக்குப் போனோம். வான் பிடிக்கவில்லை. கல்லடியில் பஸ் ஏறி, கல்முனை, அக்கரைப்பற்று என்று மாறி மாறிப் பொத்துவிலில் இறங்கினோம். ஆறு பேர், ஆறு பை. அம்மாவின் பை நான் தூக்கிப் பார்த்தபோது மகனுடையதைவிட லேசாக இருந்தது. பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்துகொண்டு, திருக்கோவில் தாண்டும்வரை வயலையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். எந்தப் பை எங்கே என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் நான் ஞாபகப்படுத்த முன்பே முன் சிப்பைத் திறந்து குளிசையைப் போட்டுக்கொண்டார்.

இரவு அறையில் கரண்ட் போய்விட்டது. "என்ட பையில இடது பக்கம் பார் மனே" என்றார். கையை விட்டேன். ஷொப்பிங் பையில் சுற்றிய மெழுகுதிரி ஒன்று, நெருப்புப் பெட்டி ஒன்று. அதற்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், எனக்கும் தம்பிக்குமான பிறப்புச் சான்றிதழ்களின் பிரதி. இரண்டு நாள் பயணத்துக்கு இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. மெழுகுதிரியை மட்டும் எடுத்துக்கொண்டு, சிப்பை இழுத்து மூடி, பையை அவர் தலைமாட்டில் வைத்தேன்.