கத்தரி போட்ட இடம் காதில் விழும்

போன வாரம் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ‘டீப் ரெட்’ போட்டேன். தாரியோ அர்ஜெண்டோ 1975-ல் எடுத்த இத்தாலியக் கொலைப் படம். பியானோக் கலைஞராக வரும் டேவிட் ஹெம்மிங்ஸும் பத்திரிகையாளராக வரும் தாரியா நிகோலோடியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை ஆங்கிலம் பேசிய ஹெம்மிங்ஸ் திடீரென்று இத்தாலியனுக்குத் தாவினார். குரலும் வேறு ஆளுடையது. கீழே சப்டைட்டில் ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ஆங்கிலம்.

“என்னடா, பாதியில பாஷை மாறுது? டிஸ்க் கெட்டுப்போச்சா?”

“இல்லக்கா. அந்த எடத்துல முன்னாடி கத்தரி போட்டுட்டாங்க. இப்ப தேடிப் புடிச்சு ஒட்டியிருக்காங்க. ஒட்டுன துண்டுக்கு இங்கிலீஷ் சவுண்டு கெடைக்கல.”

இத்தாலியத் திரையரங்குகளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம் இது. வெளிநாட்டுக்குப் போன ஆங்கிலப் பதிப்பில் இருபது நிமிடத்துக்கும் அதிகமாகக் குறைத்துவிட்டார்கள். வெட்டுப்பட்டதில் பெரும்பகுதி கொலைக் காட்சிகள் கிடையாது. இந்த இருவருக்கும் நடுவே இருந்த கேலி, சீண்டல், நெருக்கம், அதைத்தான் எடுத்தார்கள். கொலைப் படத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். நான் முதலில் பார்த்தது அந்தக் குட்டைப் பதிப்பு. நிகோலோடியின் பாத்திரம் சும்மா வந்து போகிறது என்றே பல வருடம் நம்பியிருந்தேன். முழுப் படம் கைக்கு வந்தபோதுதான் அவர் எவ்வளவு உயிரோடு நடித்திருக்கிறார் என்று தெரிந்தது. அவருடைய சின்ன ஃபியட் காரில் ஹெம்மிங்ஸின் இருக்கை புதைந்துபோய், மனிதர் குழந்தை மாதிரி கீழே உட்கார்ந்து வருவார். அக்கா அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

‘இந்தக் குப்பைப் படங்களை ஏன் காசு கொடுத்து வாங்கி அடுக்குகிறாய்’ என்று கேட்கிற எல்லோருக்கும் என் பதில் இந்தப் பாஷை மாறும் இடம்தான். 1960, 70-களின் ஐரோப்பிய மலிவுப் படங்களில் ‘படம்’ என்று ஒன்று தனியாக இருப்பதில்லை. நாட்டுக்கு ஒரு பெயர், ஒரு நீளம், ஒரு முடிவு. தேடிச் சேர்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இயக்குநர் என்ன செய்தார், வியாபாரி என்ன செய்தார் என்பது பிரியும்.

இத்தாலியில் இந்தக் கொலைப் படங்களுக்கு ‘ஜாலோ’ என்று பெயர். மஞ்சள் என்று பொருள். மொண்டதோரி பதிப்பகம் 1929-லிருந்து மஞ்சள் அட்டையில் போட்ட துப்பறியும் நாவல்களிலிருந்து வந்த பெயர். பாக்கெட் நாவல் படித்து வளர்ந்த நமக்கு அந்த அட்டையின் ருசி சொல்லாமலே புரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ‘ஒரிஜினல் இத்தாலியனில்தான் பார்க்க வேண்டும்’ என்று பிடிவாதம் பிடிக்கும் நண்பர்கள் உண்டு. அந்தக் கால இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பில் ஒலி எடுப்பதே வழக்கமில்லை. நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடிப்பார்கள். பிறகு ஸ்டுடியோவில் எல்லா மொழிக்கும் டப்பிங். இத்தாலியனும் டப்பிங், ஆங்கிலமும் டப்பிங்.

இப்போது இன்னொரு இத்தாலிய இயக்குநரான மரியோ பாவாவுக்கு வருகிறேன். என் அலமாரியில் ஒரே ஒரு டிஸ்க்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் ‘லிசா அண்ட் தி டெவில்’ இருப்பதைத்தான் வைத்துக்கொள்வேன். முந்தைய படம் நன்றாக ஓடியதால் தயாரிப்பாளர் ஆல்ஃபிரெதோ லியோனே, “உனக்குப் பிடித்ததை எடு” என்று பாவாவுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார். வாழ்நாள் முழுக்கக் குறைந்த பணத்தில், குறைந்த நாளில், மற்றவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்த மனிதருக்கு அப்படி ஒரு வாய்ப்பு. சுற்றுலா வந்த லிசா ஒரு பழைய ஸ்பானிய ஊரில் சுவரோவியம் ஒன்றைப் பார்க்கிறாள்: பிணத்தைச் சுமந்து போகும் சாத்தான். கூட்டத்திலிருந்து விலகி ஒரு கடைக்குள் நுழைந்தால், அதே முகத்தோடு ஒருவன் நிற்கிறான். நடித்தவர் டெலி சவாலஸ். பிறகு லாலிபாப் சப்பிக்கொண்டே ஒரு மாளிகையில் வேலைக்காரனாக வருகிறான். செத்தவர்களும் பொம்மைகளும் ஒருவர் இடத்தில் ஒருவர் மாறி மாறி வரும் அந்த வீட்டில் எது கனவு, எது நினைவு என்று படம் கடைசிவரை சொல்லாது. ஜன்னல் வழியாக விழும் நீலமும் சிவப்பும், வாடின பூ, தூசி படிந்த பொம்மைகள். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவரின் கண் ஒவ்வொரு ஃப்ரேமிலும் தெரியும்.

1973-ல் கான் திரைப்படச் சந்தையில் போட்டுக் காட்டினார்கள். யாரும் வாங்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவில் பேய் ஓட்டும் படமான ‘தி எக்ஸார்சிஸ்ட்’ வந்து உலகத்தைப் புரட்டிப் போட்டது. லியோனே லிசாவாக நடித்த எல்கே சோமரைத் திரும்ப அழைத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தார். பச்சையாக வாந்தி எடுப்பது, கெட்ட வார்த்தை பேசுவது, ராபர்ட் ஆல்டா பாதிரியாராக வந்து பேய் ஓட்டுவது எல்லாம் புதிதாகப் படமாக்கப்பட்டன. பாவாவுக்கு அதில் மனம் ஒப்பவில்லை, ஒதுங்கிக்கொண்டார். அந்தத் துண்டுகளைப் பழைய படத்துக்கு நடுநடுவே செருகி, ‘தி ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம்’ என்று 1975-ல் வெளியிட்டார்கள். இயக்குநர் பெயரை ‘மிக்கி லயன்’ என்று பொய்யாகப் போட்டார்கள். நம் ஊர்க் காலைக்காட்சிக் கொட்டகைகளில் வேறு படத்துக்கு நடுவே ‘பிட்டு’ ஓட்டுவார்களே, அதே வேலைதான். கொஞ்சம் பெரிய செலவில் செய்தது.

பாவா 1980-ல் இறந்தார். தன் படம் தான் எடுத்தபடி உலகெங்கும் ஓடியதை அவர் பார்க்கவே இல்லை. இன்று இரண்டு பதிப்பும் ஒரே பெட்டிக்குள் கிடைக்கின்றன. கெட்டதையும் ஏன் சேர்த்து வைக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு கலைஞனுக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. சாட்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கதை பாதிதான்.

ஸ்பெயினில் நடந்தது வேறு மாதிரி. ஜெனரல் பிராங்கோவின் சர்வாதிகாரத் தணிக்கை இருந்த காலம். அதனால் ஒரே காட்சியை உள்நாட்டுக்கு உடையோடும் ஏற்றுமதிக்கு உடையில்லாமலும் இரண்டு முறை எடுப்பார்கள். அங்கே பிறந்த, அதே பெயர் கொண்ட இயக்குநர் ஜெஸ் பிராங்கோ பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்தில், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஜாஸ் பைத்தியம். ‘கிளிஃபோர்ட் பிரவுன்’ என்று எக்காளக் கலைஞரின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டவர். அவருடைய படங்களில் பலவற்றை என்னால் பாராட்ட முடியாது, அவசரமும் அலட்சியமும் தெரியும். ஆனால் அவருடைய நாயகி சொலேதாத் மிராண்டா திரையில் வந்து நின்றால் அந்த அவசரம் மறந்துவிடும். 1970-ல் போர்ச்சுகலில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27. அவர் நடித்த முக்கியமான படங்கள் சில அதற்குப் பிறகுதான் வெளிவந்தன.

பிரிட்டனில் இந்தப் படங்களை வைத்திருந்ததற்காகக் கடைக்காரர்கள் மேல் வழக்கே போட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் ‘வீடியோ நாஸ்டி’ என்று 72 படங்களின் பட்டியல், 1984-ல் தனிச் சட்டம். அர்ஜெண்டோ, பாவா, லூசியோ ஃபுல்சி எல்லோருடைய படமும் பட்டியலில் இருந்தது. அங்கே ரசிகர்கள் விஎச்எஸ் கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்து, முகமே தெரியாத நாலாவது பிரதியில் பார்த்தார்கள். இன்று அதே படங்களை ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து 4கே-வில் ஸ்கேன் செய்து தருகிறார்கள் செவரின், ஆரோ, வினிகர் சிண்ட்ரோம் போன்ற சின்ன நிறுவனங்கள். அரசு ஆவணக் காப்பகங்கள் முதலில் கை வைக்காத படங்களை இவர்கள் காப்பாற்றினார்கள். இந்தத் தொழிலில் எனக்கு இருக்கும் மரியாதை அங்கிருந்து வருகிறது.

தடை வேண்டாம் என்பவன்தான் நான். ஆனாலும் ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ என் வீட்டில் இல்லை. வாங்கப் போவதுமில்லை. ருஜெரோ தியோதாத்தோ 1980-ல் எடுத்த அந்தப் படத்தில் நடிகர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டார்கள் என்று வழக்கு வந்து, அவர்களை உயிரோடு கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. விலங்குகளை அப்படிக் காட்ட முடியாது. ஆமையும் குரங்கும் நிஜமாகவே கேமரா முன் செத்தன. அதற்கு ஒன்பது வருடம் முன்னால் ஃபுல்சியின் ஒரு படத்தில் வயிறு கிழிந்த நாய்களைப் பார்த்து வழக்கு வந்தபோது, கார்லோ ராம்பால்தி தான் செய்த பொம்மை நாய்களை நீதிமன்றத்துக்கே எடுத்துப் போய் நிரூபித்தார். பின்னாளில் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’-யைச் செய்த கைகள் அவை. கொடூரத்தைப் பொம்மையில் செய்து காட்டத் தெரிந்த கலைஞர்கள் அதே நாட்டில் இருந்தார்கள். அதனால்தான் அந்த ஆமையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சென்னையில் உட்கார்ந்து இதைச் சேர்ப்பது லேசில்லை. ஒரு மண்டலத்துக்கு விற்கும் டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. டிவிடி-யில் நாம் 5-ஆம் மண்டலம், பிரிட்டன் 2, அமெரிக்கா 1. ப்ளூ-ரேயில் நாம் சி, அவர்கள் பி, ஏ. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஐரோப்பாவின் பழைய ‘பால்’ (PAL) டிவி முறை டிவிடிகளில் படம் விநாடிக்கு 24-க்குப் பதில் 25 ஃப்ரேம் ஓடும். நூறு நிமிடப் படம் தொண்ணூற்றாறில் முடிந்துவிடும். யாரோ நாலு நிமிடம் வெட்டிவிட்டார்கள் என்று நான் ஒரு ராத்திரி முழுக்கக் காட்சி காட்சியாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு காட்சிகூடக் குறையவில்லை.

போன வருடம் பிரெஞ்சு இயக்குநர் ஜான் ரோலானின் ‘தி அயர்ன் ரோஸ்’ பழைய பதிப்பை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். மூன்று மாதம் காத்திருந்து, சுங்க வரியும் கட்டிப் பிரித்தால், நடு வளையத்திலிருந்து ஓரம்வரை டிஸ்கில் விரிசல். திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. இன்னும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. வேறொரு பதிப்பை வாங்கித்தான் பார்த்தேன். ஓர் ஆணும் பெண்ணும் கல்லறைத் தோட்டத்தில் இருட்டிவிட்டதும் வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. நடுவில் ஒரு கடற்கரை வருகிறது: கூழாங்கற்கள், வெள்ளைப் பாறை, வரிசையாகக் கறுத்த மரக்கம்பங்கள். பிரான்சில் தியெப் அருகே இருக்கும் அந்த ஒரே கடற்கரைக்கு ரோலான் படத்துக்குப் படம் திரும்பிப் போனார். வயிற்றுப்பாட்டுக்கு வேறு பெயரில் ஆபாசப் படம் எடுத்தவர்தான். அந்தக் கரையை மட்டும் அவர் விடவில்லை.

‘எல்லாம் ஓடிடியில் வரும், டிஸ்க் எதற்கு’ என்கிறார்கள். அங்கே ‘டீப் ரெட்’ இருந்தால் எந்த ‘டீப் ரெட்’? நீளமானதா, குட்டையா? பல நேரம் அதைக்கூட எழுதியிருக்க மாட்டார்கள். அடுத்த மாதம் படமே காணாமல் போகலாம். 1931-ல் வந்த நம் முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று ஒரு பிரதிகூட இல்லை. அது வெளியான நாளில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் வீட்டிலாவது ஒரு பெட்டி தங்கியிருக்கக் கூடாதா என்று எனக்கு அடித்துக்கொள்கிறது.

அக்கா ஊருக்குப் போகும்போது பாவா டிஸ்கை எடுத்துப் போயிருக்கிறாள். திரும்பி வந்ததும் சென்னையில் இருக்கும் நண்பர்கள் யார் கேட்டாலும் தருகிறேன், பிளேயரையும் சேர்த்து. முதல் நாள் ‘லிசா’வைப் பாருங்கள். அது மனதில் நன்றாக ஊறட்டும். இரண்டு நாள் கழித்து இன்னொன்றைப் போடுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் வரும்போதெல்லாம், அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று உங்களுக்கே ஞாபகம் வரும்.