தியேட்டர் டிக்கெட் முழுவதும் நன்கொடை ஆகாது

"அமெரிக்காவில் லாப நோக்கற்ற பழைய நாடக அரங்குகளின் சீசன் டிக்கெட் விலை முழுவதையும் வரிக்கணக்கில் நன்கொடையாகக் கழித்துக்கொள்ளலாம்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

501(சி)(3) அந்தஸ்து, அதாவது நன்கொடைக்கு வரிக்கழிவு பெற வழிசெய்யும் அமெரிக்க வரிச்சட்ட அங்கீகாரம், அரங்குக்கு இருந்தாலும், இருக்கைக்குக் கொடுத்த பணம் இருக்கையின் விலைதான். அதற்கு மேல் கொடுத்தது மட்டுமே நன்கொடை. நிதி திரட்டும் விருந்துக்கு 200 டாலர் கட்டுகிறீர்கள், சாப்பாடும் நிகழ்ச்சியும் சேர்ந்து 80 டாலர் பெறும் என்றால், கழிக்கக்கூடியது 120 டாலர். இப்படிக் கலந்து வரும் தொகை 75 டாலரைத் தாண்டினால் அந்த மதிப்பை அரங்கமே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பலர் சறுக்குவது இன்னொரு இடத்தில். போக முடியாமல் டிக்கெட் வீட்டிலேயே கிடந்தால் அது நன்கொடை ஆகிவிடாது. மறுவிற்பனைக்கு ஆகும்படி நிகழ்ச்சிக்கு முன்பே அரங்கிடம் திருப்பிக் கொடுத்து, ரசீது வாங்க வேண்டும்.

ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால், அரங்கின் எழுத்துபூர்வ ஒப்புகை வரிக்கணக்கு தாக்கல் செய்வதற்குள் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் போனதைக் காட்டினால் போதாது.

வாசலில் டிக்கெட் சரிபார்த்து, இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் தன்னார்வலர்களின் உழைப்பு இந்த அரங்குகளுக்குப் பெரிய பலம். ஆனால் அந்த நேரத்துக்கு மதிப்புப் போட்டுக் கழிக்க முடியாது. அதற்காக ஓட்டிய காருக்கு மைலுக்கு 14 சென்ட் கழிக்கலாம்.