பரிசு வாங்கிய திட்டங்கள் இப்போது எங்கே?

அரசு சேவைகளைக் கம்ப்யூட்டர், இணையம் வழியாகக் கொடுப்பதைப் பற்றி மத்திய அரசு வருஷா வருஷம் தேசிய மின்னாளுகை மாநாடு என்று ஒன்று நடத்துகிறது. 1997-ல் ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் ஓர் ஊர்: 2023-ல் இந்தூர், 2024-ல் மும்பை, 2025 செப்டம்பரில் விசாகப்பட்டினம். ஐடி செயலாளர்கள், கலெக்டர்கள், கம்பெனிக்காரர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே கூடும். நல்ல திட்டங்களுக்குத் தேசிய விருதுகள் கொடுப்பார்கள். மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு படம் வரும், அத்தோடு சரி.

மாநாடே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு மாநிலத்தில் நடப்பதை இன்னொரு மாநில அதிகாரி தெரிந்துகொள்ள இப்படி ஓர் இடம் வேண்டும்தான். விசாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷ ஜனவரியில்தான் ஆந்திர அரசு 'மன மித்ரா' என்று வாட்ஸ்அப்பிலேயே 161 சேவைகளைக் கொண்டுவந்திருந்தது. நாம் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

என் குறை வேறு. திட்டம் புதிதாக இருக்கும்போது மேடை ஏற்றுகிறோம். ஐந்து வருஷம் கழித்து அது என்ன ஆயிற்று என்று அதே மேடையில் யாரும் கேட்பதில்லை.

மதுரைப் பக்கத்துக்காரர்கள் சிலருக்கு மேலூர் நினைவிருக்கலாம். 2001 வாக்கில் சென்னை ஐஐடி, ஹார்வர்டு, எம்ஐடி எல்லாம் சேர்ந்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தன. செல்போனே பெரிய விஷயமாக இருந்த காலம். அங்கேயே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்கலாம். கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பலாம். தாலுகா ஆபீசுக்குப் போய்வரும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம். ஜனங்கள் வந்தார்கள். ஆனால் சில வருஷங்களிலேயே பல மையங்கள் மூடப்பட்டன. வருமானம் போதவில்லை என்பது ஒரு காரணம். பின்னாளில் ஆய்வு செய்தவர்கள் சொன்ன இன்னொரு காரணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்: ஆர்வத்தோடு ஒத்துழைத்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள், அடுத்து வந்தவர்களுக்கு அதில் அக்கறை இல்லை. கம்ப்யூட்டர் அங்கேயேதான் இருந்தது. மனுவை வாங்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தின் ஞானதூத் என்ற கிராம இணைய மையத் திட்டத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். 2000 ஜனவரியில் தொடங்கி, அதே வருஷம் ஸ்டாக்ஹோமில் சர்வதேச விருது வாங்கியது. அப்புறம் கரண்ட் கட், ஒழுங்காக வேலை செய்யாத போன் லைன் என்று ஆள் வரத்து குறைந்து தேய்ந்துபோனது. விருது என்னவோ பத்திரமாகத்தான் இருக்கும்.

கர்நாடகாவின் 'பூமி' மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது? நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதோடு அவர்கள் நிற்கவில்லை. கையால் எழுதிக் கொடுக்கும் நகல் இனி செல்லாது என்று அரசே அறிவித்தது. அப்போது 15 ரூபாய் கட்டினால் கவுன்டரில் பிரின்ட் கிடைத்தது. கிராமக் கணக்கரின் கையெழுத்துக்காக அலைய வேண்டாம். பெயர் மாற்ற மனு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையில்தான் நகர முடியும். திரும்பிப் போக வழி இல்லாமல் செய்துவிட்டதால், எந்த அதிகாரி வந்தாலும் போனாலும் அது ஓடியது. இதில் தொழில்நுட்பம் கால்வாசி. மிச்சமெல்லாம் ஒரு அரசாணையும் அதை வெளியிடும் துணிச்சலும். நம் ஊரில் ஆன்லைனில் விண்ணப்பித்த பிறகும் அதே காகிதங்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு விஏஓ ஆபீஸ் வாசலில் நிற்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதனால் விசாகப்பட்டினத்தில் எனக்குப் பிடித்தது கிராம ஊராட்சிகளுக்கென்று தனியாகக் கொண்டுவந்த விருதுப் பிரிவு. மகாராஷ்டிரா துலே மாவட்டத்து ரோகிணி என்ற ஊராட்சி தங்க விருதும் 10 லட்சம் ரூபாயும் வாங்கியது. ஊராட்சித் தலைவரை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வேறு மாவட்டத்துக்கு மாற்ற முடியாது, பாருங்கள். தேர்தலில் தோற்கலாம், அது வேறு கதை. தோற்றாலும் அதே ஊரில்தான் இருப்பார். டீக்கடையில் நாலு பேர் பிடித்துக் கேள்வி கேட்பார்கள்.

ஆக, மாநாட்டுக்காரர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் விருது வாங்கியவர்களைக் கூப்பிட்டு அரை நாள் உட்கார வையுங்கள். திட்டத்தைத் தொடங்கியவர் வேண்டாம், இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர் வரட்டும். கூடவே, கவுன்டரில் உட்கார்ந்து "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று தினமும் சொல்ல வேண்டியிருக்கிற ஆபரேட்டர் ஒருவரையும் மேடையில் ஏற்றுங்கள். பவர்பாயின்ட் வேண்டாம். மாசத்துக்கு எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை பேரை நேரில் வரச் சொன்னீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் அவர்களுக்கு இரண்டாவது தடவையும் விருது கொடுங்கள், நானே கை தட்டுகிறேன்.