ஏற்காட்டில் முடிவான சேலை

திங்கள், புதன், வெள்ளி. வாரத்தில் மூன்று நாள் எங்கள் ஆபீசில் பெண்களுக்கு யூனிபார்ம் சேலை. நிறம் ஐவரி, அதாவது பீரோவில் இருக்கும்போதே அழுக்காகும் நிறம். துணி, கலப்படமே இல்லாத பாலியஸ்டர். கூடவே கழுத்து மூடி, முழங்கை வரை இறங்கும் ஜாக்கெட். வைகாசி மாதம். சேலம். இதற்கு மேல் எழுதவே வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுவேன்.

இந்த முடிவை எங்கே வைத்து எடுத்தார்கள் தெரியுமா? ஏற்காட்டில். ரிவ்யூ மீட்டிங் என்று 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், 1,500 மீட்டர் உயரத்தில், காபித் தோட்டத்துக் காற்றில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்துகொண்டு, "லேடீஸ் ஸ்டாஃப் என்ன கட்டலாம்?" என்று யோசித்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் கம்பளியே தோன்றியிருக்கும். பாலியஸ்டரோடு விட்டது புண்ணியம். கீழே எங்கள் ஊர் லட்சணம் என்ன? வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் தோசைக்கல். தோசையையாவது ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போடுவார்கள்.

அதுவும் யாருக்கு இந்தச் சேலை? அம்மாபேட்டையில் தறிச்சத்தம் கேட்டுத் தூங்கி வளர்ந்தவளுக்கு. வெண்பட்டு இங்கே, இளம்பிள்ளைச் சேலை கூப்பிடு தூரத்தில். எங்களுக்கு மட்டும் சூரத்திலிருந்து பார்சல். அப்பா முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது வேர்வை குடிக்காது கண்ணு" என்றார். நம்பாமல் போனில் தேடினேன். பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை ஈரம் வாங்குமாம். இது அரை சதவீதம்கூட வாங்காதாம். 40 வருடம் தறியில் உட்கார்ந்த விரலுக்கு நெட் தேவைப்படவில்லை.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். மாலை நாலு மணி. தள்ளுவண்டி அக்காவிடம் ஒரு பிளேட் தட்டுவடை செட்.

செட்டில் பாதி கடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. கீழே ஒரு தட்டுவடை, அதன்மேல் காரச் சட்னி, புதினாச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மூடியாக இன்னொரு தட்டுவடை. வாயை முதலை மாதிரி பிளந்து முழுசாகத் தள்ள வேண்டும். நானும் முந்தானையை இழுத்துச் செருகி, கொசுவத்தை முழங்காலுக்கிடையே இடுக்கி, கழுத்தை மட்டும் முன்னால் நீட்டிக் கொக்கு மாதிரி நின்றேன். முதல் செட், சேதமில்லை. இரண்டாவது, சேதமில்லை. மூன்றாவது வாய்க்கு அருகில் போகும்போது போன் அடித்தது. மேனேஜர்.

ஒரே ஒரு பீட்ரூட் துருவல். காரச் சட்னியில் முங்கி, எண்ணெயும் பூசிக்கொண்டு கிளம்பியது. முதலில் ஜாக்கெட். அங்கே நிற்கவில்லை. ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ் மாதிரி ஒவ்வொரு மடிப்பிலும் வளைந்து, நிதானித்து, கடைசியில் கொசுவத்தில் வந்து உட்கார்ந்தது. என் வேர்வையில் ஒரு சொட்டைக்கூட வாங்காத துணி, சட்னியை மட்டும் சீர்வரிசை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். (தேய்க்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தேய்ப்போம்.) புள்ளியாக இருந்தது மேட்டூர் அணையாகப் பரந்தது.

மேனேஜர் அறையில் மட்டும் ஏசி. கொசுவத்தைப் பார்த்தார். "மேடம், டிரஸ்தான் நம்ம அவுட்லுக். நாம பாசிட்டிவா தெரிஞ்சாதான் கஸ்டமர் நம்மள நம்புவாங்க." சொல்லும்போது அவர் சட்டைப்பையில் பேனா மை கசிந்து நீலமாக ஒரு வட்டம். அது பாசிட்டிவ் போலிருக்கிறது. அவர் சொல்லும் கஸ்டமரில் ஒரு பாட்டி அன்று காலையில்தான் என்னிடம் வந்து, "நர்சம்மா, சுகர் மாத்திரை எங்க குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

பத்து நிமிட உபதேசம் முடிந்து கிளம்பும்போது, "ஆமா மேடம், நீங்க லோக்கல்தானே? ஹெட் ஆபீசுக்கு ரெண்டு பெட்டி மல்கோவா அனுப்பணும். எங்க நல்லா இருக்கும்?"

வீட்டுக்கு வந்ததும் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கறையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இந்தச் சேலைல இது ஒண்ணுதான் கண்ணு நம்மூர்ச் சரக்கு."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அப்புறம் அந்த மல்கோவா ஞாபகம் வந்து திரும்பவும் எரிச்சல் பற்றிக்கொண்டது. மாம்பழத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர். பழம் பெட்டி கட்டி ஹெட் ஆபீசுக்கு. இந்த சீசனில் எங்கள் வீட்டுக்குள் இதுவரை வந்தது கிளிமூக்கு மட்டும்தான். நேற்று வாங்கிய மூன்றில் ஒன்று அழுகல்.