ஹராரே ஈஸ்ட்கேட் கட்டடமும் மின்விசிறிகளும்

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் கட்டடம், கரையான் புற்றைப் போலத் தானாகவே குளிர்வதால் அதற்கு மின்சாரமே தேவையில்லை என்று சொல்லப்படுவதுண்டு. கரையான் புற்றிலிருந்து உந்துதல் பெற்றது என்பது சரியே. வழக்கமான மைய ஏசி அமைப்பும் அங்கில்லை. ஆனால் காற்றோட்டம் மின்விசிறிகளைக் கொண்டே நடக்கிறது என்பதை அன்புடன் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

இரவில் பெரிய விசிறிகள் குளிர்ந்த வெளிக்காற்றைத் தளங்களுக்கு அடியிலுள்ள இடைவெளிகள் வழியே செலுத்திக் கான்கிரீட்டைக் குளிர்விக்கின்றன. பகலில் சிறிய விசிறிகள் மெதுவாக அனுப்பும் காற்று அந்தக் குளிர்ச்சியைப் பெற்று அறைகளுக்குள் வர, சூடேறிய காற்று மேலெழுந்து கூரையிலுள்ள புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது. இரவில் வெப்பம் நன்கு தணியும் ஹராரேயின் தட்பவெப்பமும் இதற்குத் துணைநிற்கிறது. இரவிலும் புழுக்கம் குறையாத ஊர்களில் இதே பலனை எதிர்பார்க்க இயலாது.

கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸும் பொறியியல் பணியை ஏற்ற ஆரப் நிறுவனமும் அளித்துள்ள விளக்கங்களை இணையத்தில் தேடிப் படித்தால், விசிறிகளின் பங்கை எவரும் சரிபார்க்கலாம். காற்று செல்லும் பாதையைக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தையும் தேடிப் பாருங்கள். மின்சாரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தும் அருமையான வடிவமைப்பு இது என்பதில் எனக்கு ஐயமில்லை.